ஒரு சிட்டிகைக் கிழங்கு

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவனுக்கு எல்லாரும் மரியாதை கொடுப்பார்கள். கிட்டத்தில் மட்டும் வரமாட்டார்கள். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் சலித்துச் சேர்க்கிற அந்த வேலைக்கென்று கட்டிய ஷெட், மற்ற ஷெட்டுகளை விட்டுத் தள்ளி ஒற்றையாக நிற்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இரும்புச் சாமான் கூடாது, நைலான் சட்டை கூடாது, செருப்பு கூடாது, பேச்சுத் துணை கூடவே கூடாது. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஊர்க்காவலன் இந்த வேலையைத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்துவந்தான். அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் சிலருக்கு விரல் இல்லை, சிலர் ஆளே இல்லை. ஊர்க்காவலன் உடம்பில் பேருக்கு ஒரு தீக்காயத் தழும்புகூடக் கிடையாது.

அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. இல்லாமல் இருக்குமா? அவன் கலந்து கொடுத்தது என்றால் போர்மேன் மணிகண்டராஜ் மறுபேச்சில்லாமல் அடுத்த ஷெட்டுக்கு அனுப்பிவிடுவான். கலந்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் வைத்து, தள்ளிப்போய்ப் பற்றவைத்துப் பார்ப்பது ஊர்க்காவலனின் வழக்கம். எரிகிற வேகத்தையும் வெளிச்சத்தின் நிறத்தையும் வைத்தே உப்பு கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவான். அந்தச் சிட்டிகை தன்னிடம் பொய் சொல்லாது என்று அவன் நம்பினான். உலகத்தில் எல்லாச் சரக்கும் அப்படித்தான் என்றும் நம்பிவிட்டான்; வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கம்பெனியில் செல்லுபடியான கெட்டிக்காரத்தனம் வீட்டில் செல்லுபடியாகவில்லை. மகள் வேல்விழிக்குச் சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சல் வந்து ஒட்டிக்கொண்டது. வந்தால் உடம்பு அனலாகக் கொதிக்கும். வயிறு பலகைபோல இறுகிவிடும், தொட்டால் அலறுவாள். சில தடவை நெஞ்சு வலிக்கும், சில தடவை கணுக்கால் சிவந்து வீங்கும். இரண்டு மூன்று நாள் ஆட்டிவைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மறுநாளே பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவாள். மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்து நிற்கும்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூடத்து டீச்சர் அதைப் பரீட்சைக் காய்ச்சல் என்றார். ஒரு டாக்டர் டைபாய்டு என்றார், அடுத்த தடவையும் டைபாய்டு என்றார், அதற்கடுத்த தடவை அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து குடல்வாலை எடுத்துப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். தையல் ஆறுவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்து, எடுத்தது வீண் என்று சொல்லிவிட்டுப் போனது. இருக்கன்குடிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார்கள். பிள்ளையின் தலைமுடிதான் போனது.

எல்லாவற்றையும் ஊர்க்காவலன் தாங்கிக்கொண்டான். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் ஒருநாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. “மேலெல்லாம் மருந்தோட வந்து புள்ளையத் தூக்குறீக. அந்தத் தூளு பச்சப்புள்ள உடம்புக்கு ஆகுமா?” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவன் ஊரோரக் கிணற்று மோட்டார் ரூமிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி வீட்டுக்குள் வந்தான். அப்படியும் திருப்தி இல்லாமல் மகளைத் தூக்குவதையே விட்டுவிட்டான். அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்துவிடுவான். தன் தொழில்தான் பிள்ளையைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு தகப்பன் எத்தனை காலம் சோறு தின்ன முடியும்? அவன் தின்றான். வேறு தொழில் தெரியாது.

உண்மையை முதலில் மோப்பம் பிடித்தவள் மனைவி மாரிச்செல்விதான். அவள் ஊர்க்காவலனின் சொந்த அக்கா ராக்காயியின் மகள். ராக்காயிக்கும் இதே காய்ச்சல் இருந்தது. காய்ச்சல்காரி என்று ஊரில் பேராகிப்போனதால், தன் மகளை அசலில் வெளியாளுக்குக் கொடுத்தால் அந்தப் பேச்சும் கூடப் போகும் என்று பயந்து, தம்பிக்கே கட்டிவைத்தாள். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. கடைசியில் கால் வீங்கி, முகம் வீங்கி, மூத்திரம் நின்று போய்ச் சேர்ந்தாள். அவள் கையால் சோறுண்டு வளர்ந்த ஊர்க்காவலன் அன்றைக்கு அழுத அழுகை அந்தத் தெருவுக்கே தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வேல்விழியைப் பார்த்தபோது, மாரிச்செல்வி இதைச் சொன்னாள். “எங்கம்மாவுக்கும் இப்படித்தாம்மா வரும். சாகுற வரைக்கும் வந்துச்சு.” டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்லி முதலிலிருந்து கேட்டார். அதற்கு முன்னால் ஒரு டாக்டரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல் வந்திருந்தபோது ஒரு தடவை, காய்ச்சல் போய்ப் பிள்ளை நன்றாக இருந்தபோது ஒரு தடவை. முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது ஊர்க்காவலனும் போனான்.

“இது வழிவழியா வர்ற காய்ச்சல். மத்தியதரைக்கடல் பக்கத்து ஊர்கள்ல அதிகம். நம்ம பக்கம் அபூர்வம், ஆனா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. கப்பலையே பார்த்திராத குடும்பத்துக்குக் கடல்கடந்த காய்ச்சல்! ஊர்க்காவலனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மேலே சொன்னார்: “நம்ம ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்குல்ல, அதுல ஏற்பின்னு ஒண்ணு உண்டு. கிருமி வந்தா முதல்ல அதுதான் உணர்ந்து உள்ளுக்குச் சேதி அனுப்பும். அந்த ஏற்பியைச் செய்யச் சொல்றது ஒரு ஜீன். கிருமி வர்றப்ப அந்த ஜீன் வேகமா வேலை செய்யணும், போனதும் அடங்கணும். உங்க பொண்ணுக்கு அடங்கல. நல்லா இருக்கிற நாள்ல எடுத்த ரத்தத்துலயும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கு. இப்படி அடங்காமப் போறதுக்குக் காரணம் வேற ஒரு ஜீன்ல இருக்கிற பழுது. அது அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டா வந்து சேர்ந்திருக்கு.”

ஊர்க்காவலனுக்கு ஜீன் தெரியாது. ஆனால் ஈரம் பட்ட கலவை தெரியும். தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளுக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், என்றைக்காவது எவனும் கிட்டே போகாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் மீந்த கலவையை எவனும் மறுநாளுக்கு வைக்கமாட்டான். தன் மகள் சிரித்து விளையாடுகிற நாட்களிலும் உள்ளே அந்தச் சூடு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்படியே புரிந்தது. “அப்ப என் மேல இருக்கிற மருந்து காரணமில்லையாம்மா?” என்று கேட்டான். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று அவர் சொன்னதும், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகளைப் போய்த் தூக்கினான். அவள் பெரிய பிள்ளையாகியிருந்தாள். கால்கள் அவன் முழங்கால் வரைக்கும் தொங்கின. “விடுப்பா, எல்லாரும் பாக்காக” என்று நெளிந்தாள்.

தினமும் ஒரு மாத்திரை. காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும், ஆயுசுக்கும். விட்டுவிட்டால் பாட்டிக்கு ஆனதுபோலக் கிட்னி கெட்டுவிடும். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டபின் மறுபடி ரத்தம் எடுத்து, அந்த ஜீன் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடங்கியிருந்தால் மாத்திரையே போதும். அடங்காவிட்டால் வேறு வழி தேட வேண்டும், அது லேசில் கிடைக்காது. டாக்டரம்மா இதையெல்லாம் இரண்டு தடவை சொன்னார். தினமும் தின்றால் உடம்புக்கு ஆகுமா என்று மாரிச்செல்வி கேட்டபோது, பயத்தைப் போக்க வேண்டும் என்று ஒன்று சொன்னார். “இது நம்ம ஊரு செங்காந்தள்ல இருந்து எடுக்கிறதுதாம்மா. உங்க வேலியிலேயே பூக்கும்.”

மாரிச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. “கண்வலிக் கெழங்கா? அதத் தின்னா ஆள் செத்துப்போகும்மா!”

“கிழங்கு விஷம்தான். நான் சொல்றது மாத்திரை. பிரிச்செடுத்து, சுத்தம் பண்ணி, அளந்து செய்றது.”

பஸ்ஸில் வரும்போது ஊர்க்காவலன்தான் அவளைத் தேற்றினான். “நம்ம தொழிலும் அதான புள்ள. அளவு தெரிஞ்சவன் கையில இருந்தா மத்தாப்பு, தெரியாதவன் கையில இருந்தா எமன்.” மாத்திரை வேலை செய்தது. முதல் மாதம் காய்ச்சல் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. வேல்விழி கன்னத்தில் சதை வைத்தது. டீச்சர்கூடக் கூப்பிட்டு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாராம்.

அதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது. சீசனில் மருந்து கலக்குகிறவன் லீவு கேட்டால் கம்பெனியே நின்றுவிடும். மாத்திரை வாங்க மதுரைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, “நானே போயி வாங்கியாறேன், நீ எதுக்கு அலையுத” என்று மனைவியிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றான். அந்த ஞாயிறும் கம்பெனியில் வேலை வைத்துவிட்டார்கள். இந்த லோடு போகட்டும் என்றான். அந்த லோடு போனதும் அடுத்த ஆர்டர் வந்தது. தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவன்தான்; இருக்கிறதா என்று அவள் கேட்டபோதெல்லாம் இருக்கிறது இருக்கிறது என்றே சொன்னான். கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெறும் அட்டைதான் இருந்தது. அதற்கு முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது.

“ரத்தம் எடுக்க வரச் சொன்னது இந்த வாரம் மாமா!” என்று அவள் கத்தின கத்தலில் சின்னத்தாய் வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தாள். ஊர்க்காவலன் பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பறந்தான். கடை கடையாக ஏறி இறங்கினான். திருத்தங்கலிலும் கேட்டுப் பார்த்தான். “அந்த மாத்திரை இங்க ஓடாதுண்ணே. ஆர்டர் போட்டு வாங்கித் தாறேன், ரெண்டு நாள் ஆகும்” என்றே எல்லாரும் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். அந்த வெட்கத்தில் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் ஓடைக்கரை வேலியில் அந்தப் பூவைப் பார்த்தான். மழைக்குத் தழைத்து, சிவப்பும் மஞ்சளுமாக வேலி முழுக்கப் பூத்திருந்தது. பைக்கை நிறுத்தினான். பிறகு குச்சியெடுத்துத் தோண்டினான்.

கிழங்கு விஷம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தின்று செத்தவர்களை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விஷம் என்றால் பயந்து ஓடுகிறவனா அவன்? ஒரு வேளைக்கு இரண்டு வேளைக்கு, மதுரையிலிருந்து மாத்திரை வந்து சேருகிறவரைக்கும், ஒரு சிட்டிகை. அளவு தன் கைக்குத் தெரியும். இப்படித்தான் அவன் புத்தி போனது. படிக்காதவன் முட்டாள்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இத்தனை வருடம் கை பிசகாத ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் இது.

மறுநாள் விடிந்ததும் மாரிச்செல்வி மதுரைக்குப் புறப்பட்டாள். வேல்விழியைப் பார்த்துக்கொள்ளும்படி சின்னத்தாயிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஊர்க்காவலன் மோட்டார் ரூமில் கிழங்கைச் சீவி, நசுக்கி, காகிதத்தில் மடித்தான். எப்போதும்போல ஒரு சிட்டிகை சோதித்துப் பார்க்க வேண்டுமே! இதைப் பற்றவைத்துப் பார்க்க முடியாது. அதனால் தானே வாயில் போட்டுக்கொண்டான். பிள்ளைக்குக் கொடுக்க நினைத்ததைவிடக் கூடுதலாகவே போட்டுக்கொண்டான். தகப்பன் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அதில் பாதி பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்பது அவன் கணக்கு. கசந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்றைக்கும் அவன்தான் மருந்து கலந்தான். வயிற்றில் அது இருக்க, கையில் இது இருக்க, ஷெட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சலித்தான். தொண்டை லேசாக எரிந்தது. கந்தகம் காற்றில் இருக்கிற இடத்தில் தொண்டை எரிவது தினப்படி சமாச்சாரம், அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. கைகள் நிதானமாக இருந்தன. கலவையில் ஒரு சிட்டிகையைத் தள்ளிப்போய்ப் பற்றவைத்தான். வெள்ளை வெளேரென்று எரிந்தது. “அருமைண்ணே” என்றான் மணிகண்டராஜ். வீட்டுக்குக் கிளம்பும்போது ஊர்க்காவலனுக்கு மனசு லேசாகிவிட்டது. வெடிமருந்து என்றால் வைத்த நொடியில் சொல்லிவிடும். இது இத்தனை நேரமாகியும் வாயைத் திறக்கவில்லை. அப்படியென்றால் சரியான அளவுதான் என்று முடிவு செய்தான்.

வீட்டில் வேல்விழி சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். “வயிறு என்னமோ போல இருக்குப்பா” என்றாள். நெற்றியில் கை வைத்தான். சூடு இன்னும் இல்லை. ஆனால் கண்கள் காய்ச்சலுக்கு முன்னால் பளபளக்கிற அந்தப் பளபளப்பில் இருந்தன. அவனுக்கு அக்காவின் வீங்கின முகம் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் போன் அடித்தது. “வாங்கிட்டேன் மாமா. பஸ்ஸுல உக்காந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். புள்ள எப்படி இருக்கா?” நல்லா இருக்கா என்றான். சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். எத்தனையோ தடவை அவனே பிறகு சொன்னான், பொறுத்திருக்கலாம், பொறுத்திருக்கலாம் என்று.

தேனை எடுத்து, காகிதத்திலிருந்ததில் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் குழைத்தான்.

“என்னப்பா இது?”

“மாத்திரதான் தாயி. பொடி பண்ணிருக்கேன். கண்ண மூடிட்டு முழுங்கிரு.”

வேல்விழி எழுந்து உட்கார்ந்து கரண்டியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். வாய்க்குள் விடுவதற்கு முன், தேன் வழிந்த கரண்டி விளிம்பில் நாக்கு நுனியை வைத்தாள். அந்த நேரம் ஊர்க்காவலனின் வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைந்ததுபோல ஒரு வலி பிடித்தது. மூச்சு நின்றுவிட்டது. வாயில் எச்சில் ஊறிப் பொங்கியது. கண் இருட்டிக்கொண்டு வர, அந்த இருட்டிலும் மகள் கரண்டியை உள்ளே கொண்டுபோவது தெரிந்தது. வேண்டாம் என்று கத்த வாயெடுத்தான், குரல் வரவில்லை. கையை ஓங்கி அடித்தான். கரண்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கரண்டியோடு சேர்த்து அவள் கன்னத்திலும் அடி விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் மேல் அவன் கை ஓங்கியதில்லை.

அவள் அழக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தரையில் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே அவள் தாடையைப் பிடித்தான். “முழுங்குனியா? சொல்லு தாயி, முழுங்குனியா?”

“இல்லப்பா. தேன மட்டும் லேசா நக்குனேன்.”

“எம்புட்டு? எம்புட்டு நக்குன?”

அவளுக்கு எப்படித் தெரியும் எம்புட்டு என்று? அவள் வாயைக் கொப்பளிக்க வைத்தான், மறுபடி மறுபடி கொப்பளிக்க வைத்தான். பிறகு அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து விழுந்தான். சின்னத்தாய் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். கெட்டுப்போனதைத் தின்றுவிட்டானோ, கம்பெனி மருந்து ஏறிவிட்டதோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊர்க்காவலன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: “கண்வலிக் கெழங்கு. நான் தின்னுட்டேன். புள்ளைக்கும் குடுத்துட்டேன். சீக்கிரம் கொண்டுபோங்க.” குடும்பத்தோடு சாகப் பார்த்தான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் மறுக்கவில்லை, மறுக்க நேரமில்லை.

மாரிச்செல்வி மாத்திரைப் பையோடு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது, அப்பாவையும் மகளையும் டாக்டரம்மா இருக்கிற மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அவனைப் பார்த்து அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “எங்கம்மா உங்கள நம்பித்தான மாமா என்னையக் குடுத்துச்சு?” ஊர்க்காவலனுக்கு அந்த நேரம் உயிர் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உயிர் போகவில்லை. போகிற வாசல்வரைக்கும் போய்த் திரும்பியது. பல நாள் அவனுக்கு நினைவு வந்து வந்து போனது. கிட்னிக்காக ஒரு டாக்டர், இதயத்துக்காக ஒரு டாக்டர் என்று மாறி மாறி வந்து நின்றார்கள். வேல்விழியைத் தனியாகப் படுக்கவைத்துக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். நக்கின தேனில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தது, அதன் வழக்கப்படி கொதித்து, வயிற்றை இறுக்கி, ஆஸ்பத்திரியில் எல்லாருடைய கண்முன்னாலும். டாக்டரம்மா அவளுக்கு அதே மாத்திரையை, அளந்த மாத்திரையை, தன் கையாலேயே கொடுக்க ஆரம்பித்தார். ஊர்க்காவலன் பேசுகிற நிலைக்கு வந்ததும் அவன் கட்டிலுக்கு வந்தார்.

“கிழங்குல எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு கிழங்குக்கும் அடுத்த கிழங்குக்கும் வேறுபடும். உள்ள போன பிறகு பல மணி நேரம் ஒண்ணுமே காட்டாது. காட்டுறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். எதை வச்சு அளந்தீங்க?”

ஊர்க்காவலன் தன் கையைப் பார்த்தான். அதை வைத்துத்தான் அளந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகு அவன் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. விஷத்தின் வேலை என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் விஷயம் தெரியாதவர்கள் எந்தக் கோயிலுக்கு முடி இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். கம்பெனியில் விஷயம் தெரிந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. விஷம் தின்றுவிட்டு வந்து கலவை ஷெட்டில் உட்கார்ந்திருந்தான் என்பது தெரிந்ததும் மணிகண்டராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லையாம். அந்த வலி கொஞ்சம் முன்னால், கை சல்லடையில் இருக்கும்போது பிடித்திருந்தால், அக்கம்பக்கத்து ஷெட்டுப் பெண்களும் சேர்ந்து போயிருப்பார்கள். “கோவிச்சுக்காதீகண்ணே, இனிமே நீங்க பெட்டி ஒட்டுற பக்கம் இருங்க” என்றான். ஊர்க்காவலன் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டிக்குப் பசை தடவினான். பெண்கள் அவனோடு தாராளமாகப் பேசினார்கள். அது அவனுக்குப் புதிதாக இருந்தது.

மாத்திரைப் பெட்டி மாரிச்செல்வியின் பொறுப்பானது. அதை அவன் தொட்டதில்லை, தொடச் சொல்லி அவளும் சொன்னதில்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம். அதன் முடிவில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா போன் போட்டு மாரிச்செல்வியிடம் சொன்னார்: ஜீன் அடங்கியிருக்கிறது, நோயில்லாத பிள்ளைகளுக்கு இருக்கிற அளவுக்கு அடங்கியிருக்கிறது, இதே மாத்திரை போதும், கிட்னியில் ஒரு குறையும் இல்லை. மாரிச்செல்வி போனை வைத்துவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஊர்க்காவலனைப் பார்த்துச் சிரித்தாள். “மாமா, நம்ம புள்ள பொழச்சுக்கிட்டா.” அவன் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதான். முடி முளைத்துக்கொண்டிருந்த அவன் தலையை அவள் தடவிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வேல்விழி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு ஒரு குதி குதித்தாள். ஓடிவந்த களைப்பில், “தண்ணி தாங்கப்பா” என்றாள். ஊர்க்காவலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடத்திலிருந்து செம்பில் மொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கி, சிரித்த முகம் மாறாமலே செம்பை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு குடித்தாள்.

தான் அப்படிச் செய்ததே அவளுக்குத் தெரியவில்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.